பன்னிரண்டு விசைகளில் தொடங்குங்கள்: வீட்டில் ஒரு விசைப்பலகை செய்யும் முறை

சொந்தமாக ஒரு விசைப்பலகை செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தவுடன் பெரும்பாலோர் அறுபது, எழுபது விசைகள் கொண்ட முழுப் பலகையைத்தான் மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது ஏற்றதன்று என்பது என் உறுதியான கருத்து. ஒரே வேலையை அறுபது முறை செய்து முடித்த பிறகுதான் முதல் இணைப்பிலேயே தவறு நேர்ந்திருப்பது தெரியவரும் என்றால், அதைப் பிரித்துத் திருத்தும் பொறுமை யாருக்கும் எளிதில் வராது. ஆகவே இக்கட்டுரை 3 கிடைவரிசைகளும் 4 நெடுவரிசைகளும் கொண்ட, உள்ளங்கை அளவுள்ள 12 விசைப் பலகை ஒன்றைச் செய்யும் முறையைச் சொல்கிறது. வேலையின் வரிசையையும் சற்று மாற்றியிருக்கிறேன்: முதலில் கணினித் திரையில் எழுத்துத் தோன்றச் செய்துவிட்டு, அதன் பின்னரே சால்டரிங் இரும்பை, அதாவது ஈயக் கம்பியை உருக்கி ஒயர்களைப் பற்றவைக்கும் கருவியை, சூடாக்குகிறோம்.

இந்தச் சிறு பலகை, நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் விசைப்பலகைக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்யும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறித் தட்டச்சு செய்பவர்களுக்கு மொழி மாற்ற ஒரு விசை, கிரந்த எழுத்துகளுக்குத் தனி விசைகள், வெட்டுதல், ஒட்டுதல், முன்செயலைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு விசை என்று வைத்துக்கொண்டாலே அன்றாட வேலை கண்கூடாக இலகுவாகும்.

விசைப்பலகை கணினிக்கு எதை அனுப்புகிறது

வேலையில் இறங்கும் முன் இந்த ஒரு செய்தியைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதனால் தீரும். விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணை அனுப்புகிறது. யுஎஸ்பி விசைப்பலகைகளுக்கான பொதுத் தரத்தின்படி ஏ விசைக்கு எண் 4, பி விசைக்கு 5 என்று வரிசையாகச் சென்று, எச் விசைக்கு 11 என்று அமைகிறது. 11 என்ற எண் வந்து சேர்ந்தவுடன் அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்று முடிவு செய்வது கணினியின் இயங்குதளம். ஆங்கிலத் தளவமைப்பு (எந்த விசைக்கு எந்த எழுத்து என்னும் ஏற்பாடு) இயங்கிக்கொண்டிருந்தால் எச் தோன்றும். தமிழ் 99 இயங்கிக்கொண்டிருந்தால் அதே எண்ணுக்குக் 'க' தோன்றும்.

தமிழ் 99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தளவமைப்பு. 12 உயிரெழுத்துகள், 18 மெய்களின் அகரமேறிய வடிவங்கள், புள்ளிக்கும் ஆய்தத்துக்குமாக ஒன்று என 31 விசைகளில் தமிழின் 247 எழுத்துகளையும் அது அடக்கிவிடுகிறது. உயிர்கள் இடக்கையிலும், க, ப, ம, த போன்ற அடிக்கடி வரும் மெய்கள் வலக்கையின் நடுவரிசையிலும் அமைந்திருக்கின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இத்தளவமைப்பு கிடைக்கிறது. எனவே நாம் செய்யும் கருவிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது சரியான எண்ணை அனுப்பினால் போதும், எஞ்சிய வேலையை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும்.

வாங்க வேண்டியவை

கருவியின் மூளையாக இருக்கப்போவது ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதாவது நாம் எழுதும் நிரலை இயக்கும் சிப் பொருத்திய சிறு மின்சுற்றுப் பலகை. தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ராஸ்பெர்ரி பை பிகோ. 2021 ஜனவரியில் வெளிவந்த இந்தப் போர்டில் ஆர்பி2040 என்ற சிப் இருக்கிறது. நாம் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய முனைகள் (ஒயரை இணைக்கும் இடங்கள்) 26 இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இது யுஎஸ்பி வழியாகத் தன்னை ஒரு விசைப்பலகை என்று கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள வல்லது. கடைசியாகச் சொன்ன தகுதி எல்லாப் போர்டுகளுக்கும் இல்லை. கல்லூரித் திட்டப்பணிகளில் பலரும் பயன்படுத்திய ஆர்டுவினோ ஊனோவிலும், முதலில் வந்த இஎஸ்பி32 சிப்பிலும் அந்த வசதி நேரடியாகக் கிடையாது. வீட்டில் ஒன்று கிடக்கிறதே என்று அவற்றை எடுத்துக்கொண்டால் தேவையற்ற சிக்கலில்தான் போய் முடியும். ஏடிமெகா32யு4 சிப் கொண்ட புரோ மைக்ரோ போர்டு இருந்தால் அது விசைப்பலகைக்குப் பொருந்தும். ஆனால் இங்கே சொல்லப்போகும் மென்பொருள் அதில் ஓடாது, வேறொன்றைக் கற்க வேண்டியிருக்கும்.

ஸ்விட்சுகளுக்கு வருவோம். செர்ரி எம்எக்ஸ் வகையும், அதே அளவில் கேட்டரான், கைல், அவுட்டெமு முதலிய நிறுவனங்கள் செய்பவையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்கவை. நீல நிறத் தண்டு கொண்டவை அழுத்தும்போது 'கிளிக்' என்று ஒலிக்கும். பழுப்பு நிறத்தவை ஒலியின்றி விரலுக்கு மட்டும் ஒரு சிறு தடையை உணர்த்தும். சிவப்பு நிறத்தவை தடையே இல்லாமல் வழுக்கி இறங்கும். பொதுவாக இவை 4 மில்லிமீட்டர் ஆழம் இறங்குபவை, அதில் ஏறக்குறைய பாதி ஆழத்திலேயே தொடர்பு ஏற்பட்டுவிடும். எந்த வகை உங்கள் விரலுக்குப் பிடிக்கும் என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நண்பர் ஒருவருடைய பலகையையோ கடையில் காட்சிக்கு வைத்திருப்பதையோ தட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. 12 தேவை என்றால் 14 வாங்குங்கள், பழகும்போது ஒன்றிரண்டின் கால் வளைந்துபோவது இயல்பு. ஸ்விட்சின் மேல் பொருத்தும் கீகேப்புகளும் அதே எண்ணிக்கையில் வேண்டும்.

இவற்றுடன் 1என்4148 என்ற எண் கொண்ட டயோடுகள் (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகங்கள்) 20, 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள 60/40 சால்டர் கம்பி, 25 வாட் சால்டரிங் இரும்பு, ஒயர் உரிக்கும் கட்டர், தொடர்பைச் சோதித்து 'பீப்' ஒலி எழுப்பும் வசதியுள்ள ஒரு மல்டிமீட்டர் ஆகியவை தேவை. மல்டிமீட்டரை மட்டும் தவிர்க்க நினைக்காதீர்கள்; விலை குறைந்ததே போதும், ஆனால் அது இல்லாமல் செய்யும் வேலை கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலையாகும். ஒயருக்குத் தனியாகச் செலவிட வேண்டாம். பழைய லேன் கேபிளை ஓர் அடி வெட்டி மேலுறையை உரித்தால் எட்டு மெல்லிய ஒயர்கள் நான்கு நிற இணைகளாகக் கிடைக்கும். நம்முடைய நான்கு நெடுவரிசைகளுக்கும் நான்கு நிறங்கள் அமைந்துவிடும். கத்தியால் முனையைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சுக் கொடுத்த அலுமினியம் என்று பொருள். அத்தகைய ஒயரில் ஈயம் சரியாகப் பிடிக்காது, இரண்டு முறை வளைத்தால் ஒடிந்தும் போகும்; உள்ளும் புறமும் செம்பாக இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இவற்றுள் பெரும்பாலானவை ரிச்சி தெருவிலேயே கிடைத்துவிடும். அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் இத்தெருவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே சென்றுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேலைநாளின் முற்பகலில் செல்வது நல்லது. மாலையில் நெரிசலில் நின்று டயோடின் எண்ணைச் சரிபார்ப்பது கடினம். பிகோ கேட்டால் "ஹெடர் போட்டதா, போடாததா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். ஹெடர் என்பது போர்டின் இரு ஓரங்களிலும் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி வரிசை. நமக்கு ஒயரை நேராகத் துளையில் பற்றவைக்கும் வேலை இருப்பதால் ஹெடர் போடாததே வசதி. ஸ்விட்சுகளும் கீகேப்புகளும் மட்டும் சில்லறையாக எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. அவற்றை இந்தியாவிலிருந்தே அனுப்பும் இணையக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

யுஎஸ்பி கேபிள் பற்றி ஓர் எச்சரிக்கை. பிகோவுக்கு மைக்ரோ யுஎஸ்பி கேபிள் வேண்டும். பழைய கைபேசிகளோடு வந்த கேபிள்களில் சில, மின்னேற்றத்துக்கு மட்டும் உதவுபவை. தரவு செல்லும் கம்பிகள் அவற்றில் இருக்கா. அப்படியொரு கேபிளைச் செருகிவிட்டுப் போர்டு பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கைபேசியிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்ற அந்தக் கேபிள் உதவுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈயம் தொடும் முன் எழுத்து வரட்டும்

பிகோவின் மேற்புறத்தில் பூட்செல் என்ற சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தபடியே கேபிளைக் கணினியில் செருகினால், போர்டு ஒரு பென் டிரைவைப் போலத் திரையில் தோன்றும். அடாஃப்ரூட் நிறுவனம் இலவசமாக வழங்கும் சர்க்யூட்பைத்தான் என்ற மென்பொருளின் பிகோவுக்கான கோப்பை அதன் தளத்திலிருந்து இறக்கி, அந்த டிரைவுக்குள் இழுத்துப் போடுங்கள். சில நொடிகளில் பழைய டிரைவ் மறைந்து, சர்க்யூட்பை என்ற பெயரில் புதிய டிரைவ் ஒன்று தோன்றும். போர்டு இப்போது பைத்தான் மொழியைப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது.

அடுத்ததாகக் கேஎம்கே என்ற திறமூல ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை, இறக்கிக்கொள்ளுங்கள். இது சர்க்யூட்பைத்தானின் மேல் இயங்கி, விசைப்பலகைக்குரிய எல்லா வேலைகளையும் கவனித்துக்கொள்கிறது. அதிலுள்ள கேஎம்கே கோப்புறையையும் பூட் என்ற பைத்தான் கோப்பையும் சர்க்யூட்பை டிரைவில் நகலெடுத்துவிட்டு, கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகுங்கள். இதே வேலைக்குக் கியூஎம்கே என்ற இன்னொரு புகழ்பெற்ற ஃபர்ம்வேரும் உண்டு. அதன் வசதிகள் ஏராளம். ஆனால் அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலைத் தொகுத்து மீண்டும் போர்டில் ஏற்ற வேண்டும். கேஎம்கேயில் ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தவுடன் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. கற்றுக்கொள்பவருக்கு அந்த உடனடிப் பதில் பெரிய துணை என்பதால் இதையே தேர்ந்தெடுத்தேன்.

இப்போது கோட் என்ற பெயருடைய பைத்தான் கோப்பை டிரைவில் திறந்து எழுத வேண்டும். கேஎம்கேயின் கையேட்டில் முதல் பலகைக்கான மாதிரி இருக்கிறது. அதை நகலெடுத்து நான்கு இடங்களை மட்டும் மாற்றினால் போதும். நெடுவரிசை முனைகளாக ஜிபி2, ஜிபி3, ஜிபி4, ஜிபி5 ஆகிய நான்கையும், கிடைவரிசை முனைகளாக ஜிபி6, ஜிபி7, ஜிபி8 ஆகிய மூன்றையும் கொடுங்கள். டயோடின் திசை என்ற இடத்தில் நெடுவரிசையிலிருந்து கிடைவரிசைக்கு என்பதைக் குறிக்கும் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். விசைகளின் பட்டியலில் ஏ முதல் எல் வரையுள்ள 12 ஆங்கில எழுத்துகளை வரிசையாக நிரப்புங்கள். ஏ, பி, சி, டி முதல் கிடைவரிசை. இ, எஃப், ஜி, எச் இரண்டாவது. ஐ, ஜே, கே, எல் மூன்றாவது. பைத்தானில் வரியின் முன் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு என்பதால், மாதிரியில் இருக்கும் இடைவெளிகளைக் கலைக்காமல் எழுதுங்கள்.

போர்டின் முனைகளை எண்ணும் முறை இது: யுஎஸ்பி துளை மேலே இருக்கும்படி, சிப் தெரியும் பக்கத்தைப் பார்த்தவாறு போர்டைப் பிடித்தால், இடப்பக்கத்தின் மேல் முனை 1. அங்கிருந்து கீழ்நோக்கி எண்ணினால் 4, 5, 6, 7 ஆகியவை நம்முடைய நெடுவரிசைகள். 8ஆவது முனை கிரவுண்ட் (மின்சுற்றின் பொது எதிர்முனை), அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். 9, 10, 11 ஆகியவை கிடைவரிசைகள். முனையின் எண்ணும் ஜிபி எண்ணும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள்; 4ஆவது முனைதான் ஜிபி2. ஜிபி எண்கள் போர்டின் அடிப்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன.

இரு நுனிகளும் உரிக்கப்பட்ட ஒரு சிறு ஒயர்த் துண்டை எடுத்து, ஒரு நுனியை 4ஆவது முனையின் பொன்னிறத் துளையிலும் மறு நுனியை 9ஆவது முனையின் துளையிலும் படும்படி வையுங்கள். கணினியில் நோட்பேட் திறந்திருந்தால் அதில் ஏ தோன்றும். கணினியைத் தமிழ் 99க்கு மாற்றிவிட்டு மறுபடியும் தொட்டால் 'அ' தோன்றும். இன்னும் ஒரு ஸ்விட்சும் இல்லை, ஒரு சொட்டு ஈயமும் உருகவில்லை. ஆனால் உங்கள் கையிலிருக்கும் பொருள் ஒரு விசைப்பலகையாகிவிட்டது. ஒயரின் நுனி கை நடுக்கத்தில் விட்டுவிட்டுத் தொடுவதால் ஒன்றுக்குப் பதில் மூன்று நான்கு எழுத்துகள் வரலாம். ஸ்விட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடுகளும் தொடும்போது இப்படித்தான் சில மில்லிநொடிகள் துள்ளுகின்றன, அந்தத் துள்ளலை வடிகட்டும் வேலையை ஃபர்ம்வேர் செய்கிறது. 5ஆவது முனையையும் 10ஆவது முனையையும் இணைத்தால் எஃப் வர வேண்டும். 7ஐயும் 11ஐயும் இணைத்தால் எல் வர வேண்டும். இவ்வாறு பன்னிரண்டையும் சோதித்துவிடுங்கள். இதற்குப் பிறகு ஏதாவது வேலை செய்யாமல் போனால் குறை உங்கள் இணைப்பில்தான் இருக்கும், மென்பொருளில் இருக்காது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைவதால்தான் இந்தப் படியை முதலில் வைத்தேன்.

டயோடு எதற்கு

பன்னிரண்டு விசைகளுக்கு ஏழே முனைகள் போதுமானவையாக இருப்பது, திரையரங்கில் வரிசை எழுத்தும் இருக்கை எண்ணும் சேர்ந்து ஓர் இடத்தைக் குறிப்பது போன்ற ஏற்பாட்டினால்தான். போர்டு ஒவ்வொரு வரிசையாக மிக வேகமாகச் சோதித்து, எந்தக் குறுக்குச் சந்திப்பில் தொடர்பு ஏற்பட்டிருக்கிறது என்று கண்டுகொள்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்னோட்டம் சுற்றி வளைத்து எதிர்த்திசையில் பாய்ந்து, அழுத்தப்படாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடை ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒன்றாக வைத்துவிட்டால் இந்தப் பொய்யெழுத்து வராது.

பிகோவில் 26 முனைகள் இருப்பதால், 12 விசைகளையும் 12 முனைகளில் நேரடியாக இணைத்து டயோடே இல்லாமல் செய்துவிடலாம் என்பதும் உண்மை. அது தவறான வழி அன்று. ஆயினும் அடுத்த பலகை பெரிதாகும்போது அந்த வழி உதவாது. 60 விசைகளுக்கு 60 முனைகள் கொண்ட போர்டுக்கு எங்கே போவது? சிறிய பலகையிலேயே டயோடு வரிசையைக் கற்றுக்கொள்வது மேல்.

தகடும் ஸ்விட்சும்

ஸ்விட்சுகளைத் தாங்க ஒரு தகடு வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் 14 மில்லிமீட்டர் சதுரத் துளை, ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 19.05 மில்லிமீட்டர் தூரம் என்பன மாறாத அளவுகள். ஸ்விட்சின் பக்கவாட்டுக் கொக்கிகள் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் கவ்விக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. முப்பரிமாண அச்சு எடுத்துத் தருபவர்களிடம் இந்த அளவுகளைச் சொன்னால் செய்து தருவார்கள். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசரால் அக்ரிலிக் வெட்டும் வசதி இருக்கும். அங்கே எளிதில் கிடைப்பது 3 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் கொக்கிகள் அதில் கவ்வா, அடிப்புறத்திலிருந்து நான்கு மூலைகளிலும் சூடான பசை வைத்து நிறுத்த வேண்டியிருக்கும். லேசர் கற்றையே சிறிதளவு பொருளைத் தின்றுவிடுவதால் துளை சற்றுப் பெரிதாகிவிடக்கூடும். முழுத் தகட்டையும் வெட்டும் முன், கழிவுத் துண்டில் ஒரே ஒரு துளை வெட்டச் சொல்லி, கையோடு கொண்டுபோன ஸ்விட்சைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

பன்னிரண்டு ஸ்விட்சுகளையும் ஒரே திசையில் நிற்கும்படி செருகிய பிறகு தகட்டைக் கவிழ்த்தால், உங்கள் முன் இருப்பது கண்ணாடியில் தெரிவது போன்ற எதிர்ப்பக்கம். முன்புறம் இடக்கோடியிலிருந்த முதல் நெடுவரிசை இப்போது வலக்கோடியில் இருக்கிறது. புதியவர்களின் கைகளில் மிக அதிகமாக நேரும் பிழை இங்கேதான் பிறக்கிறது என்பதால், மார்க்கர் பேனாவால் தகட்டின் பின்புறத்திலேயே ஒவ்வொரு ஸ்விட்சின் அருகிலும் அதற்குரிய எழுத்தை, வலமிருந்து இடமாக, ஏ, பி, சி, டி என்று எழுதிவிடுங்கள்.

பற்றவைத்தல்

சால்டரிங் செய்யும் இடம் சன்னலோரமாக இருக்கட்டும். உருகும் கம்பியிலிருந்து எழும் பிசின் புகையை மூச்சில் வாங்கக் கூடாது. அதே வேளையில், சென்னைப் புழுக்கத்துக்காக மின்விசிறியை நேர் மேலே வேகமாகச் சுழலவிட்டால் இரும்பின் நுனி ஆறிக்கொண்டே இருக்கும், இணைப்புகள் அரைகுறையாக உறையும். விசிறிக் காற்று மேசையின் மேல் நேராக விழாதபடி சற்றுத் தள்ளி உட்காருவதே வழி. 60/40 கம்பியில் ஈயம் இருப்பதால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் உண்ணுங்கள். குழந்தைகள் தொடும் இடத்தில் துணுக்குகளை விட்டுவைக்காதீர்கள்.

வெப்பநிலையை மாற்றும் வசதி உங்கள் இரும்பில் இருந்தால் 320 முதல் 350 பாகை செல்சியசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பின் நுனியால் முதலில் இணைக்க வேண்டிய இரு கால்களையும் ஒருசேரத் தொட்டு, அவை சூடானதும் சால்டர் கம்பியைக் கால்களின் மேல் வைக்க வேண்டும். இரும்பின் மேல் உருக்கி எடுத்துப் பூசக் கூடாது. நன்றாகப் பிடித்த இணைப்பு பளபளப்பாக, காலைத் தழுவி இறங்கிய சரிவாக இருக்கும். உருண்டையாகவோ மங்கலாகவோ நின்றால் அது பிடிக்கவில்லை. இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் இரும்பை வைத்திருந்தால் ஸ்விட்சின் பிளாஸ்டிக் இளகி உள்ளிருக்கும் கால் சாய்ந்துவிடும்; பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு, ஆறிய பிறகு மீண்டும் முயலுங்கள். இரும்பை அணைக்கும் முன் நுனியில் சிறிது ஈயம் பூசிவைத்தால் அது கறுத்துப்போகாமல் நெடுநாள் உழைக்கும்.

டயோடின் கண்ணாடி உடலில் ஓர் ஓரத்தில் கறுப்பு வளையம் இருப்பதைக் கவனியுங்கள். வளையம் இல்லாத பக்கத்துக் காலை ஸ்விட்சின் இரு கால்களில் ஒன்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பற்றவையுங்கள். வளையம் உள்ள பக்கத்துக் காலைச் செங்கோணமாக மடித்து, கிடைவரிசையின் திசையில் படுக்கவையுங்கள். டயோடின் கால் ஓர் அங்குலத்துக்குக் குறையாத நீளமுள்ளதாலும், ஸ்விட்சுகளுக்கு இடையிலுள்ள தூரம் அதைவிடக் குறைவு என்பதாலும், ஒன்றின் கால் அடுத்ததன் காலை எட்டிவிடும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று படும்படி பற்றவைத்தால், தனி ஒயர் இல்லாமலேயே கிடைவரிசை அமைந்துவிடும். பன்னிரண்டு டயோடுகளிலும் வளையம் கிடைவரிசையை நோக்கியே இருக்க வேண்டும். ஒரு வரிசை முடிந்தவுடன் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

நெடுவரிசைகள் ஸ்விட்சின் மற்றொரு காலில் சேர வேண்டியவை. இங்கே உறையுள்ள ஒயர் கட்டாயம், ஏனெனில் அவை கிடைவரிசைகளின் வெற்றுக் கால்களைக் குறுக்காகக் கடக்கின்றன. லேன் கேபிளின் ஒயரை ஸ்விட்சுகளின் மேல் வைத்துப் பார்த்து, காலைத் தொடும் இடங்களில் மட்டும் உறையை நீக்கிப் பற்றவையுங்கள். பிறகு ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் ஒவ்வொரு கிடைவரிசையிலிருந்தும் ஓர் ஒயரை எடுத்துப் போர்டின் உரிய முனையில் சேர்க்க வேண்டும். அதற்கு முன் மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள்.

டயோடைச் சோதிக்கும் நிலையில் மல்டிமீட்டரை வைத்து, சிவப்பு முனையை நெடுவரிசையிலும் கறுப்பு முனையை கிடைவரிசையிலும் பிடித்து, அவை சந்திக்கும் விசையை அழுத்துங்கள். 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண் வந்தால் அந்த விசை முழுமையாகச் சரி. அழுத்தாதபோதே எண் வந்தால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்தியும் வராமல், முனைகளை இடம் மாற்றிப் பிடித்தால் வருகிறது என்றால் டயோடு தலைகீழாக இருக்கிறது. பன்னிரண்டும் தேறிய பிறகே போர்டில் இணையுங்கள். போர்டின் அடிப்புறம் டயோடுக் கால்களின் மேல் படாதபடி, நடுவில் மின்காப்பு டேப் ஒட்டிவிடுவது அவசியம்.

விசைகளுக்கு வேலை கொடுத்தல்

கேபிளைச் செருகி ஒவ்வொரு விசையாக அழுத்திப் பாருங்கள். ஒரு முழுக் கிடைவரிசையோ நெடுவரிசையோ பேசாமல் இருந்தால் அதன் ஒயர் போர்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரே ஒரு விசை மட்டும் என்றால் அதன் கால்களை மீண்டும் சூடாக்குங்கள். எழுத்துகள் இடவலமாகத் திரும்பி வந்தால் எதையும் பிரிக்க வேண்டாம், நெடுவரிசை முனைகளின் பட்டியலைக் கோப்பில் தலைகீழாக எழுதினாலே சரியாகிவிடும்.

எழுத்துகள் சரியாக வந்த பிறகு, சோதனைக்காக நிரப்பிய ஏ முதல் எல் வரையுள்ளவற்றை நீக்கிவிட்டு உங்களுக்குத் தேவையானவற்றை வையுங்கள். தமிழில் எழுதுபவர்களுக்கு நான் சொல்லும் அமைப்பு இது. மேல் வரிசையில் ஸ, ஷ, ஜ, ஹ ஆகிய நான்கும் இருக்கட்டும். தமிழ் 99இல் இவை ஷிஃப்டுடன் கியூ, டபிள்யூ, இ, ஆர் ஆகிய விசைகளில் இருக்கின்றன. ஆகவே நம் பலகையின் விசை ஷிஃப்டையும் கியூவையும் சேர்த்து அனுப்பும்படி அமைத்தால், ஒரே விரலில் 'ஸ' விழும். நடுவரிசையில் நகலெடுத்தல், ஒட்டுதல், முன்செயலைத் திரும்பப் பெறுதல், சேமித்தல். கீழ்வரிசையின் முதல் விசை, விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அனுப்பி மொழியை மாற்றட்டும். அடுத்த விசைக்குத் தொடர்ச்சியாக எச், ஒய், எஃப் ஆகிய மூன்றையும் அனுப்பும் மேக்ரோவைக் கொடுத்தால், தமிழ் 99இல் 'கள்' என்ற பன்மை விகுதி ஒரே தட்டில் வந்துவிடும். மொழிபெயர்ப்பாளர்களும் செய்தி எழுதுபவர்களும் ஒரு பக்கத்தில் எத்தனை முறை இதைத் தட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இந்த விசையின் அருமை விளங்கும். ஆங்கிலத் தளவமைப்பு இயங்கும்போது இதே விசைகள் ஆங்கில எழுத்துகளையே காட்டும். விசைப்பலகை எண்ணைத்தான் அனுப்புகிறது என்பதன் விளைவு அது.

கடைசி விசையை அடுக்கு மாற்றும் விசையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை அழுத்திப் பிடித்திருக்கும்போது மற்ற 11 விசைகளும் வேறு 11 வேலைகளைச் செய்யும்படி இரண்டாவது பட்டியல் ஒன்றை எழுதலாம். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டாம். சில நாள் பயன்படுத்தி, கை எதைத் தேடுகிறதோ அதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே நிலைக்கும்.

பெட்டிக்குள் அடைக்கும் முன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் இணைப்புகளைத் தேய்த்து, ஒட்டியிருக்கும் பிசினை நீக்கிவிடுங்கள். கடற்காற்றின் ஈரமும் உப்பும் உள்ள ஊரில் வெற்றுச் செம்பு விரைவில் பச்சை பூக்கும் என்பதால், உறை நீங்கிய இடங்கள் ஈயத்தால் மூடியிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கோட் கோப்பின் நகல் ஒன்றைக் கணினியில் தனியாகச் சேமித்து வையுங்கள். போர்டின் டிரைவ் எப்போதாவது பழுதுபட்டால், அந்த நகலைக் கொண்டு சில நிமிடங்களில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம்.

இந்தப் பலகை ஒரு மாதம் சிக்கலின்றி உழைத்த பிறகு, தமிழ் 99இன் 31 விசைகளுக்கும் இடம் தரும் பலகையைத் தாராளமாகத் தொடங்கலாம். 4 கிடைவரிசைகளும் 8 நெடுவரிசைகளும் வைத்தால் 32 விசைகள் கிடைக்கும். அதற்குத் தேவை 12 முனைகள்தாம், இதே பிகோ போதும். கோப்பில் மாற வேண்டியவை முனைகளின் இரு பட்டியல்களும் விசைகளின் பட்டியலும் மட்டுமே. மிஞ்சும் 32ஆவது விசையை மொழி மாற்றத்துக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.